அச்சூத் என்றால் கோவிந்தா

போன வாரம் உங்கள்ல ஒரு பொண்ணு எனக்குப் போன் போட்டு, "ஆன்ட்டி, ஒரு வார்த்தைக்குத் தமிழ்ல என்ன போடுறதுன்னே தெரியல, காலையிலேருந்து முட்டிக்கிட்டு நிக்கிறேன்"னு அழாத குறையா சொல்லுச்சு. அடுப்புல குழம்பு கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. "டிக்சனரியப் பாரும்மா"ன்னு சொல்லி வச்சுட்டேன். அப்புறம் மனசு கேக்கல. டிக்சனரி என்னைக்கு யாரைக் காப்பாத்தியிருக்கு? சப்டைட்டில் எழுத வந்திருக்கிற புதுப் பிள்ளைங்க எல்லாரும் இதைக் கேளுங்க. ஒரே ஒரு வார்த்தை ஒரு மனுசியை என்ன பாடு படுத்தும்னு சொல்றேன். இது டிவி ஆபீசுல ஏசி ரூம்ல உக்காந்து கத்துக்கிட்டதில்ல. அதுக்கு முன்னால, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துல மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டே கத்துக்கிட்டது.

உங்களுக்குப் படத்துக்குக் கீழ ரெண்டு வரி இடம். எனக்கு ஒரு மைக்கு. எழுபதுகள்ல எங்க வீட்டுக்காரரு ஒரு ஓட்டை வேன்ல புரொஜக்டரை ஏத்திக்கிட்டு இந்த மலேசியாவுல தோட்டம் தோட்டமாப் போயி படம் காட்டுவாரு. தமிழ்ப் படம்னா எனக்கு வேலையில்ல, கச்சான் கடலை கொறிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். இந்திப் படம்னா அவரு சத்தத்தைக் கொறைப்பாரு, நான் மைக்குல கதை சொல்லுவேன். காதலன், காதலி, மாமியா, குதிரை, எல்லாம் நானேதான்.

உனக்கு எங்கேருந்து இந்தின்னு கேக்குறீங்களா? கல்யாணத்துக்கு முந்தி ஈப்போவுல ஒரு சிந்திக்காரர் துணிக்கடையில வேலை செஞ்சேன். என் இந்தி சேலை இந்தி. என்ன விலை, என்ன கலரு, சாயம் போவாது, தொட்டுப் பாருங்க, இவ்வளவுதான் சரக்கு. இதை வச்சுக்கிட்டு கொலை, கோர்ட்டு, காதல் எல்லாத்தையும் ஓட்டியிருக்கேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

ரிங்லெட் தாண்டி மேல ஒரு தோட்டம். பேரு வேணாம், அந்த ஆளுங்க பேரப்பிள்ளைங்க இப்ப பெரிய பெரிய எடத்துல இருக்காங்க. அங்க கோயில் கமிட்டித் தலைவரு அரங்கசாமி கங்காணி. வெள்ளை வேட்டி, நெத்தி நெறைய நாமம், குரலைக் கேட்டா மலைக்கு அந்தப் பக்கம் கொழுந்து கிள்ளுறவங்க கூட நிமிந்து பாப்பாங்க. "புரட்டாசி மாசம். பெருமாள் படம்தான் வேணும். சண்டைப் படத்தைக் கொண்டாந்தீங்க, வேனைப் பள்ளத்துல உருட்டி விட்டுருவேன்"னு சொல்லி அனுப்பியிருந்தாரு.

எங்களுக்குப் படம் குடுக்குற ஆளுகிட்ட பெருமாள் படம் இல்ல. ஒரு பழைய இந்திப் படப் பெட்டியைத் தூக்கிக் குடுத்து, "இதும் பழைய காலத்துப் படம்தான், சாமியெல்லாம் இருக்கும் போங்க"ன்னுட்டான். பெட்டி மேல ஒட்டியிருந்த பேரு ஈரத்துல பாதி உரிஞ்சு போச்சு. மிச்சம் ஒரு வார்த்தைதான் இங்கிலீசு எழுத்துல தெரிஞ்சுச்சு. தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி கண்ணாடியை மாட்டிக்கிட்டு எழுத்துக்கூட்டிப் படிச்சாரு. "அ... ச்... சூத்... அச்சுத்... அடடே! அச்சுதன்! பெருமாள் பேருலா இது!"

தலைவரு கையெடுத்துக் கும்பிட்டாரு. எனக்கும் சந்தேகம் வரல. சேலைக் கடையில அந்த வார்த்தைக்கு என்ன வேலை?

ஞாயித்துக்கிழமை மத்தியானம், கோயிலை ஒட்டின மண்டபத்துல படம். அந்த மலையில வெளிய திரை கட்டினா மழையும் பனியும்தான் பாக்கும், அதனால மண்டபத்து ஜன்னலையெல்லாம் கோணிச் சாக்கு போட்டு மூடி இருட்டாக்கிட்டோம். சனம் குளிச்சு, நாமம் போட்டு, துளசி மாலையோட வந்து உக்காந்துருச்சு. திரைக்கு முன்னால குத்துவிளக்கு, தேங்கா, பழத்தட்டு. எங்க வீட்டுக்காரரு என் காதுல, "என்னடி இது, புரொஜக்டருக்கும் சந்தனம் வச்சுட்டுப் போறானுங்க"ன்னாரு.

ஆனா எல்லாரும் உள்ள வந்து உக்காரல. கீழ் லயத்து வரிசை வீட்டு ஆளுங்க வெளிய நின்னாங்க. அது அந்தத் தோட்டத்துப் பழக்கம். துரை எல்லாரையும் ஒரே நிரையில நிறுத்திக் கொழுந்து கிள்ள விடுவாரு, கோயில்கிட்ட வந்தா மட்டும் நிரை ரெண்டாப் பிரிஞ்சுரும். கப்பல்ல வந்தப்ப எல்லாரும் ஒரே அண்டாவுலதான் கஞ்சி குடிச்சிருப்பாங்க. மலை ஏறினதும் யாரு என்ன சாதின்னு ஞாபகம் வந்துருச்சு போல. கீழ் லயத்துச் சனம் ஜன்னலுக்கு வெளிய நின்னு, சாக்கை லேசாத் தூக்கி, அதைத் தலைமேல முக்காடு மாதிரி போட்டுக்கிட்டு பாத்தாங்க. "வெளிச்சம் வருது, சாக்கை இறக்குங்கலா!"ன்னு எங்க வீட்டுக்காரரு கத்துவாரு. இறக்குவாங்க, மறுபடி தூக்குவாங்க.

படம் தொடங்குறதுக்கு முன்னால மண்டபத்துப் பின்பக்கம் எனக்கு ஒரு பொண்ணு தேத்தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. தலைவரு மகள், செண்பகம். கண்ணு ரெண்டும் செவந்து கிடந்துச்சு.

"ஏம்மா, புகையா?"ன்னு கேட்டேன்.

"முன் வரிசையில உக்காந்திருக்காங்களே, கம்போங் ராஜா ஊரு ஆளுங்க. காய்கறித் தோட்டம் வச்சிருக்காங்க. படம் முடிஞ்சதும் இங்கேயே பெருமாள் முன்னால எனக்கு வெத்தலை மாத்தி நிச்சயம் பண்ணப் போறாங்கக்கா."

"நல்ல விசயம்தான?"

அது ஜன்னல் பக்கம் பாத்துச்சு. சாக்கு முக்காடு போட்டு ஒரு பையன் நின்னான். தர்மன். கொழுந்து லோரி ஓட்டுறவன், கீழ் லயத்து ஆளு. பக்கத்துல அவன் அம்மா.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அந்த வீட்டுல தண்ணி குடிக்கிறதுக்கு நீ கொளத்துல விழுந்து குடிச்சுட்டுப் போன்னாரு." மூக்கை உறிஞ்சுச்சு. "இந்தப் படம் முடியாமலே ஓடிக்கிட்டிருந்தா நல்லாருக்கும்கா. எத்தனை ரீலு?"

"பெருசுதாம்மா"ன்னேன். அதைச் சொல்லிட்டு மைக்குகிட்ட போயி உக்காந்தேன்.

படம் ஆரம்பிச்சுச்சு. கறுப்பு வெள்ளை, வெள்ளைக்காரன் காலத்துப் படம், மழை பெய்யிற மாதிரி கோடு கோடா விழுந்துச்சு. முதல் காட்சியில ஒரு பொண்ணு இடுப்புல கொடத்தோட நடந்து வருது. அழகுன்னா அப்படி ஒரு அழகு. "தாயாரு!"ன்னு ஒரு பாட்டம்மா கூவுனாங்க. தலைவரு எந்திரிச்சு சூடத்தைக் கொளுத்தித் திரைக்குக் காட்டினாரு. சாம்பிராணிப் புகை ஒரு பக்கம், கதவு வழியா வந்த பனி ஒரு பக்கம், புரொஜக்டர் வெளிச்சம் அதுல பட்டு அந்தப் பொண்ணு மண்டபம் முழுக்க மெதக்குறா. எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோணுச்சு.

கிணத்தடிக்கு வந்தா. அங்க நின்ன ஒரு குண்டுப் பண்ணையாரு கையை நீட்டிக்கிட்டு கத்துறான்: "அச்சூத்!"

மண்டபம் முழுக்க ஒரே குரலு: "கோவிந்தா! கோவிந்தா!"

சரி, பண்ணையாரு பக்திமான்னு நெனச்சுக்கிட்டேன். மைக்குல, "பண்ணையார் பகவான் நாமத்தைச் சொல்லி அம்மையாரை வரவேற்கிறார்"னு சொல்லிட்டேன். கிணத்தடிப் பொம்பளைங்க எல்லாம் கொடத்தைத் தூக்கிக்கிட்டு தள்ளிப் போறாங்க. "தாயாருக்கு வழி விடுகிறார்கள்." ஒரு பையன் வந்து அவ தாவணி கலரைப் பத்தி ஏதோ சொல்றான், ரங்குன்னு ஒரு வார்த்தை வந்துச்சு. அது எனக்குத் தெரியும், கலரு. நான் வாயைத் தொறக்குறதுக்கு முந்தி சனம் "ரங்கா! ரங்கா!"ன்னு ஆரம்பிச்சுருச்சு. மறுபடி பண்ணையாரு, "அச்சூத்!" மறுபடி "கோவிந்தா!" பண்ணையாரு கோவத்துல துப்புறான், இங்க தேங்கா ஒடைக்கிறாங்க. என் தொழில்ல அவ்வளவு ஒத்துழைப்பு குடுத்த சனத்தை நான் பாத்ததே இல்ல.

ஆனா உள்ளுக்குள்ள ஏதோ உறுத்துச்சு. பக்தியில ஒருத்தன் மூஞ்சி அப்படியா கோணும்? அப்பத்தான் அந்தக் காட்சி வந்துச்சு. அந்தப் பொண்ணு தெரியாம பண்ணையாரு மகன் தட்டைத் தொட்டுடறா. பண்ணையாரு பாய்ஞ்சு வந்து, "மத் ச்சூஓ!"ன்னு அலறுறான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. துணிக்கடையில முதலாளி நாள் முழுக்க சொல்ற வார்த்தை அது. பட்டுச் சேலையை விரிச்சுப் போட்டு, "ச்சூ கே தேக்கோ"ம்பாரு. தொட்டுப் பாருங்க. நாயை வெரட்டுற ச்சூ இல்ல, தொடுறதுக்கு ச்சூ. ஷோகேசுல மாட்டுன சேலையை யாராச்சும் இழுத்தா "மத் ச்சூனா"ம்பாரு. தொடாதேன்னு. அப்ப அச்சூத்னா?

ஐயோ தெய்வமேன்னு ஆயிருச்சு எனக்கு. சனம் இத்தனை நேரமா கோவிந்தா போட்டது எதுக்குன்னு புரிஞ்சுபோச்சு.

எங்க வீட்டுக்காரரை இழுத்துக் காதுல சொன்னேன். அவரு மூஞ்சி வெளுத்துருச்சு. "வாயத் தொறக்காத! விசயம் தெரிஞ்சா மெஷினை ஒடைச்சுருவானுங்க, நம்ம பொழப்பு கோவிந்தாதான்!"

"மைக்கும்மா!" தலைவரு குரலு இடி மாதிரி வந்துச்சு. "தாயாரு அழுவுறாங்களே, என்ன சொல்றாங்க? சொல்லும்மா!"

பிள்ளைங்களா, இந்த எடத்தை நல்லாக் கவனிங்க. மண்டபம் முழுக்க என் வாயைப் பாக்குது. திரையில அழுவுறது அவங்களுக்குப் பெருமாளோட சம்சாரம். அவ சொன்னா அது அருள்வாக்கு. ஓரமா தூணைப் பிடிச்சுக்கிட்டு செண்பகம் நிக்குது. நான் மட்டும் மைக்குல, "அரங்கசாமி, உன் மகளை லோரிக்காரனுக்குக் குடு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த ஆளு அங்கேயே தாலியை எடுத்திருப்பாரு. நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. உங்களுக்கும் இந்த ஆசை வரும். நல்லதுக்குத்தானே, ஒரு வரியைக் கொஞ்சம் வளைச்சுப் போட்டா என்னன்னு தோணும்.

வளைக்கல. நாளைக்கு எவனாச்சும் ஒரு இந்தி தெரிஞ்சவன் வந்து மைக்குக்காரி புளுகுனான்னு சொல்லிட்டா, அந்தப் பொண்ணு கதி என்னாவும்? புளுகுல கட்டுன தாலி ஒரு மழை தாங்காது. அதனால திரையில அந்தப் பொண்ணு வாயையும் கையையும் உத்துப் பாத்து, எனக்கு விளங்குனதை அப்படியே சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் தொடல. அது வந்தப்பல்லாம் வாயை மூடிக்கிட்டேன். பண்ணையாரு போலப் பேசல, அவ குரலுல மட்டும் பேசினேன்.

"நான் எடுத்த தண்ணியை உங்க மாடு குடிக்குது. நான் நட்ட நெல்லை உங்க சாமி சாப்பிடுது. என்னை மட்டும் ஏன் வாசலுக்கு வெளிய நிறுத்துறீங்க?"

திரையில பண்ணையாரு கதவைச் சாத்துறான். கொட்டுற மழையில அவ வெளிய நிக்கிறா.

தலைவரு துள்ளி எந்திரிச்சாரு. "அட சண்டாளப் பாவி! தாயாரையா வெளிய நிறுத்துற? நீயெல்லாம் மனுசனா?" செருப்பைத் தேடுனாரு எறியிறதுக்கு. கோயில் மண்டபம்ங்கிறதால செருப்பு வெளிய கெடந்துச்சு, திரை தப்பிச்சுச்சு. எரியிற சூடத்தைக் கையால அடிச்சு அணைச்சாரு. "சத்தியமா சொல்றேன்! இந்தத் தாயி என் வாசல்ல வந்து நின்னிருந்தா, நான் வெளிய நிக்க விட்டிருக்க மாட்டேன்! நிறுத்துனா நான் ஒரு அப்பனுக்குப் பொறக்கலன்னு அர்த்தம்!"

சூடம் அணைச்சு சத்தியம் பண்ணா பெருமாளே வந்தாலும் மாத்த முடியாது. அது எல்லாருக்கும் தெரியும். ஜன்னல்ல சாக்கு ஒண்ணுகூட இறங்கல. எங்க வீட்டுக்காரரும் வெளிச்சம் வருதுன்னு கத்தல.

கடைசியில பண்ணையாரு மகன் அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு ஊரை விட்டு நடந்து போறான். அவ்வளவுதான் படம். அந்தக் காலத்துல, இந்தியாவுக்குச் சுதந்திரம் கூட வராதப்ப, அப்படி ஒரு படம் எடுத்தவங்களுக்கு என்ன நெஞ்சழுத்தம்னு இன்னிக்கும் நெனைப்பேன். அன்னிக்கு அதையெல்லாம் நெனைக்க நேரமில்ல. மைக்கை அணைச்சு, பெட்டியைத் தூக்கி வேன்ல போட்டுடணும், ரிங்லெட் போற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு இருந்தேன்.

தலைவரு வெத்தலைத் தட்டைக் கொண்டாரச் சொன்னாரு. செண்பகம் கொண்டாரல. நேரா என்கிட்ட வந்துச்சு.

"அக்கா, வாய் மூடாம பேசுனீங்க. அந்த ஒரு வார்த்தை வந்தப்ப மட்டும் ஏன் நிறுத்துனீங்க? அச்சூத்னா என்ன?"

மைக்கு இன்னும் அணையல. மண்டபம் முழுக்கக் கேட்டுச்சு.

கேக்காத வரைக்கும் நான் பொறுத்துக்கிட்டேன். ஆனா கேட்டுட்டா மழுப்பக்கூடாது, பிள்ளைங்களா. அதுவும், பதிலைக் கேட்டு வாழப்போறவ கேட்டா. பின்னால எங்க வீட்டுக்காரரு என் முந்தானையைப் பிடிச்சு இழுக்குறாரு.

"தொடக்கூடாதவன்னு அர்த்தம்மா. கீழ்ச்சாதின்னு ஒதுக்கி வைக்கிறதுக்குச் சொல்ற பேரு. அந்தப் பொண்ணு சாமி இல்ல. பறிச்சும் நட்டும் பொழைக்கிற வீட்டுப் பொண்ணு. பண்ணையாரு அவளைத் திட்டுன வார்த்தைக்குத்தான் நாம கோவிந்தா போட்டோம்."

கிராணி கண்ணாடியைக் கழட்டித் தொடைக்க ஆரம்பிச்சாரு. தாயாருன்னு கூவுன பாட்டம்மா, "அதனால என்ன, நல்ல பொண்ணுதான்"னு சொல்லிட்டு துளசியை வாயில போட்டுக்கிட்டாங்க. கம்போங் ராஜா மாப்பிள்ளையோட அப்பா மட்டும் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சாரு. அப்பத்தான் தலைவரு சம்சாரம் அவருக்குக் காப்பி கொண்டாந்தாங்க. தலைவரு அதை வாங்கித் தன் கையாலேயே நீட்டுனாரு.

"தெரியாம நடந்துபோச்சு. காப்பி சாப்பிடுங்க, வெத்தலையை மாத்திருவோம்."

அந்த ஆளு ரெண்டு அடி பின்னால போனாரு. படத்துல கிணத்தடிப் பொம்பளைங்க போன மாதிரியே. "அந்தச் சாதிப் பொண்ணுக்கு சூடம் காட்டி, சத்தியம் வேற பண்ணியிருக்கீங்க. நாளைக்கு அவங்க வந்து நின்னா உள்ள விட்டுத்தானே ஆவணும்? அப்படிப்பட்ட வீட்டுல நாங்க கை நனைக்க முடியாதுலா. மன்னிச்சுருங்க." குடும்பத்தோட எறங்கிப் போயி அவங்க கெரேட்டாக் காருல ஏறிட்டாங்க.

தலைவரு கையில டம்ளரு ஆவி பறக்குது. நீட்டுன கை நீட்டுனபடியே நிக்குது. வாங்க ஆளில்ல. அந்த மனுசன் மூஞ்சியை அன்னிக்குப் பாத்திருக்கணும் நீங்க. பாவமாவும் இருந்துச்சு, நல்லா வேணும்னும் இருந்துச்சு.

செண்பகம் ஜன்னலுக்குப் போயி சாக்கைப் பிடிச்சு ஒரே இழுப்பு. வெளிச்சம் உள்ள கொட்டுச்சு. வெளிய தர்மன் அம்மா, பனியில நனைஞ்சு போயி, படம் முழுக்க நின்ன காலோட.

"அத்தை, உள்ள வாங்க"ன்னுச்சு.

அத்தைன்னு சொன்னதும் மண்டபமே தலைவரைத் திரும்பிப் பாத்துச்சு. மகளை அடிக்கக் கையை ஓங்கலாம்னா கையில காப்பி. வெரட்டலாம்னா சூடம் அணைச்ச சத்தியம்.

அந்தம்மா வாசப்படியைத் தாண்டி வந்தாங்க. வேகமா வரல, பயந்தும் வரல. தலைவரு முன்னால நின்னு, அந்த டம்ளரைப் பாத்தாங்க, அவரைப் பாத்தாங்க. "ஆறிப்போவுதுல்ல, கொண்டாங்க"ன்னு அவரு கையிலேருந்து வாங்கி, அங்கேயே நின்னு மடக்கு மடக்கா குடிச்சாங்க. அவரு விரலு இவங்க விரலு மேல பட்டுச்சு. நான் பாத்தேன். குடிச்சு முடிச்சு முந்தானையால வாயைத் தொடைச்சுக்கிட்டு டம்ளரை அவரு கையிலேயே திருப்பிக் குடுத்தாங்க.

"சீனி பத்தலியே, சம்பந்தி."

தலைவரு டம்ளருக்குள்ள குனிஞ்சு பாத்தாரு. அப்புறம் தலையை நிமுத்தாமலே, அந்த மலையே கேக்குற குரலை எங்கயோ தொலைச்சுட்டவரு போல, மெதுவா சொன்னாரு.

"செண்பகம், சீனி டப்பாவைக் கொண்டாம்மா."